பள்ளிக்கூடத்துப் பெறுபேற்றை எப்படிப் பார்ப்பது?
மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளும் நம்ம தோட்டமும்



சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டால் லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான். டவுன் ஸ்கூலில் எத்தனை பேர் பாஸ், நம்ம ஸ்கூலில் எத்தனை பேர் பாஸ் என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். அப்புறம் சில பெற்றோர் எங்களிடம் வந்து, "ஐயா, நம்ம ஸ்கூல்ல படிச்சா புள்ள உருப்படாதுங்க. டவுனுக்கு மாத்தி விட்டா என்ன?" என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர், "படிப்பு ஏறாத புள்ளைய எதுக்குங்க அனுப்பணும், கொழும்புல கடைக்கு விட்டா நாலு காசு வரும்" என்கிறார்கள்.

இரண்டு பேச்சுக்கும் அடிப்படை ஒன்றுதான். பள்ளிக்கூடத்தின் பெறுபேறு என்றால் பள்ளிக்கூடத்தின் தரம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது முழு உண்மை கிடையாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் படிக்கிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. இதை விளக்குவதற்கு நல்ல உதாரணம் மட்டக்களப்பு. அங்கே தேயிலை இல்லை, குளிரும் இல்லை. ஆனாலும் அங்குள்ள பள்ளிக்கூடங்களின் கதையைக் கேட்டால் நம்ம கதை போலவே இருக்கும்.

ஒரே மாவட்டம், இரண்டு கரை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. பாடும் மீன் உள்ள வாவி என்று பேர் பெற்றது. வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பக்கம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை என்று அர்த்தம். மேற்கே, வயலும் காடும் உள்ள பக்கம் படுவான்கரை. சூரியன் படும் கரை.

எழுவான்கரையில் மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கல்லாறு போன்ற ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. பெரிய ரோட்டில் பஸ் ஓடும். அரசாங்க உத்தியோகம், வியாபாரம், கடல் தொழில் என்று பல தொழில் உண்டு. படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர் போன்ற ஊர்கள் இருக்கின்றன. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அங்கே நெல் விவசாயம், மாடு வளர்ப்பு, வாவியில் மீன்பிடி, கூலி வேலை ஆகியவைதான் பிழைப்பு.

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 லட்சத்து 25 ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான மக்கள் இருந்தார்கள். 100 பேரில் ஏறக்குறைய 72 பேர் இலங்கைத் தமிழர், 25 பேர் முஸ்லிம்கள். பறங்கியரும் சிங்களவரும் சிறு தொகையினர். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் இரு பகுதியினரும் பெரும்பாலும் தமிழ் மொழியிலேயே படிக்கிறார்கள்.

இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் ஐந்து கல்வி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்பவை அவை. மத்தி வலயத்தில் பெரும்பாலும் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகள். மேற்கு வலயம் படுவான்கரைக்கென்று அமைந்தது. பட்டிருப்பு வலயத்தில் இரண்டு கரையும் சேர்ந்திருக்கிறது. பாடசாலைப் பெயர்ப் பலகையில் 'மட்/மமே/' என்று போட்டிருந்தால் அது மட்டக்களப்பு மேற்கு, 'மட்/பட்/' என்றால் பட்டிருப்பு.

பள்ளிக்கூடம் முதலில் எங்கே வந்தது?

1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். அடுத்த வருடமே அவர் நோயில் இறந்துபோனார். ஆனால் அவர் போட்ட விதைதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி தொடங்கியது. இரண்டும் வாவி சூழ்ந்த புளியந்தீவில், நகரத்தின் நடுவில் இருப்பவை. 1929இல் சுவாமி விபுலானந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை ஆரம்பித்தார். 1940களில் கன்னங்கரா அவர்களின் மத்திய பாடசாலைத் திட்டம் வந்தபோது வந்தாறுமூலையில் ஒரு மத்திய கல்லூரி எழுந்தது. அதே வந்தாறுமூலையில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக ஆனது. நம்ம மலையகப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படித்துப் பட்டம் பெற்று வந்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பெயர் பெற்ற கல்லூரிகள் எல்லாம் எழுவான்கரைப் பக்கத்திலேயே இருக்கின்றன. படுவான்கரைப் பிள்ளைக்கு அவற்றுக்கும் தனக்கும் நடுவே வாவித் தண்ணீர் இருந்தது. 100 வருடத்துக்கு மேல் ஒரு கரையில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று நான்கு தலைமுறை படித்தது. மறுகரையில் பல குடும்பங்களில் படிப்பு அப்போதுதான் தொடங்கியது. படித்த தாய் இருக்கிற வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் கேட்க ஆள் இருக்காது. இந்த வித்தியாசம் பரீட்சைத் தாளில் தெரியத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளைக்கு மூளை இல்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை.

பாதையும் பாலமும்

மட்டக்களப்பில் 'பாதை' என்றால் ரோடு மட்டும் இல்லை. வாவியைக் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிப் போகிற மிதவையையும் பாதை என்றுதான் சொல்வார்கள். மண்முனையில் நெடுங்காலம் அந்தப் பாதையில்தான் ஆட்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனார்கள். 2014இல் ஜப்பான் நாட்டு உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது.

பாலத்துக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு. ஆசிரியர்கள் பலர் எழுவான்கரையில் குடியிருப்பவர்கள். காலையில் வாவியைக் கடந்து போக வேண்டும். பாதை பிந்தினால் முதலாம் பாடம் போச்சு. பின்னேரம் கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்றால் மேலதிக வகுப்பு வைக்க முடியாது. தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் கிடைத்தவர் மாற்றம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்தான் முதலில் குறைவார்கள். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் லீவு போட்டால் இன்னொருவர் இருப்பார். சின்னப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் ஒருவர் போனால் கணிதமே போய்விடும்.

இதைப் படிக்கும்போது நம்ம மேட்டுப் பிரிவுப் பள்ளிக்கூடங்கள் ஞாபகம் வரும். நமக்கு வாவி இல்லை, மலை இருக்கிறது. பஸ் வராத ரோடு, மழைக்கு மண் சரிகிற வளைவு, காலையில் பனி. டவுனிலிருந்து வருகிற ஆசிரியருக்கு இரண்டும் ஒன்றுதான்.

போரும் வெள்ளமும்

மட்டக்களப்புப் பிள்ளைகளின் படிப்பு அடிக்கடி அறுந்தும் போயிருக்கிறது. 1978 நவம்பர் மாதம் பெரும் சூறாவளி மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்கள் ஆயின. கிழக்குப் பல்கலைக்கழக வளாகமும் அப்படித்தான் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி எழுவான்கரைக் கடலோர ஊர்களை அழித்தது. 2006, 2007 ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் குடும்பங்கள் கைப்பையோடு இடம்பெயர்ந்தன. இதெல்லாம் போக வருடா வருடம் மாரி மழை. நவம்பர் முதல் ஜனவரி வரை தாழ்ந்த ரோடுகள் தண்ணீருக்குள் போய்விடும்.

1990இல் ஐந்தாம் வகுப்பில் இருந்து படிப்பு அறுந்த பிள்ளை இன்று தகப்பன் அல்லது தாய். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அன்று அறுந்த படிப்பின் வடு ஒரு தலைமுறை தாண்டி இன்றைய பெறுபேற்றிலும் இருக்கும். பரீட்சைப் பட்டியலில் இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பெறுபேறு என்ற கணக்கு

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். இரண்டு பள்ளிக்கூடங்களை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் போட்டவை.

முதலாவது, நகரத்துப் பெரிய பாடசாலை. சாதாரண தரம் எழுதியவர் 190 பேர். உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றவர் 152 பேர். 100க்கு 80.

இரண்டாவது, மறுகரையில் ஒரு சின்னப் பாடசாலை. எழுதியவர் 24 பேர். தகுதி பெற்றவர் 12 பேர். 100க்கு 50.

"பார்த்தீங்களா, 80 எங்கே 50 எங்கே" என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். சின்னப் பாடசாலையின் கதையை ஐந்தாம் வகுப்பிலிருந்து பார்ப்போம். அப்போது அங்கே 40 பிள்ளைகள் இருந்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் 5 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டி நகரத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் 35 பேர் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். ஆறிலிருந்து பதினொன்றுக்குள் 11 பேர் பாதியில் நின்றார்கள். கடைசியில் எழுதியது 24 பேர்.

இப்போது சில கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

போன 5 பேரும் இங்கேயே இருந்து சித்தியடைந்திருந்தால்? 29 பேரில் 17 பேர். 100க்கு 58க்கு மேல். அதாவது அந்த 5 பிள்ளைகள் போனதால் இந்தப் பாடசாலையின் கணக்கு இறங்கியது, நகரத்துப் பாடசாலையின் கணக்கு ஏறியது. இரண்டு இடத்திலும் படிப்பித்த விதம் மாறவே இல்லை.

"நீங்க பெயிலாத்தான் வருவீங்க, இந்த முறை எழுத வேணாம்" என்று பலவீனமான 6 பேரை நிறுத்தி வைத்தால்? 18 பேரில் 12 பேர். 100க்கு 66க்கு மேல். பாடசாலைக்குப் பேர் வரும். ஒரு பிள்ளைக்கும் பிரயோசனம் இல்லை.

அதிபர் வீடு வீடாகப் போய், நின்றுபோன 11 பேரில் 4 பேரைத் திரும்பக் கூட்டி வந்து, அதில் ஒரு பிள்ளை சித்தியடைந்தால்? 28 பேரில் 13 பேர். 100க்கு 46. நல்ல காரியம் செய்த பாடசாலையின் கணக்கு இறங்கிவிட்டது! ஆனால் ஒரு பிள்ளைக்கு வாழ்க்கை கிடைத்திருக்கிறது, இன்னும் மூன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதுகிற வாய்ப்பாவது கிடைத்திருக்கிறது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆறாம் வகுப்பில் சேர்ந்த 35 பேரில் தகுதி பெற்றது எத்தனை பேர்? 12 பேர். 100க்கு 34. பரீட்சையில் விட்டவர்கள் 12 பேர். பரீட்சைக்கே வராதவர்கள் 11 பேர். கிட்டத்தட்ட சமம். ஆனால் பெறுபேற்றுப் பட்டியலில் அந்த 11 பேருக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இன்னொன்று. சின்னப் பாடசாலையில் 12 பேர் எழுதினால் ஒரு பிள்ளையே 100க்கு 8 ஆகும். ஒரு பிள்ளைக்குப் பரீட்சை நேரம் காய்ச்சல் வந்தாலும் கணக்கு விழுந்துவிடும். அதனால் ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூன்று வருடத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த 11 பேர் யார்?

படுவான்கரையில் கேட்டால், அறுவடைக் காலத்தில் தாய் தகப்பனோடு வயல் வாடிக்குப் போன பிள்ளை, மாடு மேய்க்கப் போன பையன், வாவியில் வலை இழுக்கப் போனவன், தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண் பிள்ளை என்று சொல்வார்கள். யானை வருகிற ஊர்களில் அந்தி சாய்ந்தால் பிள்ளையை டியூசனுக்கு அனுப்பப் பயம்.

தோட்டத்தில் கேட்டால்? அம்மா கொழுந்துக்குப் போனதும் கைப்பிள்ளையைப் பார்க்க நின்ற அக்கா. கொழும்பில் கடைக்குப் போன அண்ணன். வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட தங்கச்சி. அம்மா வெளிநாடு போக, அப்பா குடிக்க, கேட்க ஆள் இல்லாமல் நின்ற பிள்ளை. ஊர் வேறு, தொழில் வேறு, பிள்ளை நிற்கிற காரணம் ஒன்றே.

நிற்கிற காலமும் ஒன்றே. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில்தான் பிள்ளை கை நழுவும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர், பிள்ளையின் பேர் தெரியும், முகம் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், புத்தகங்கள் கூட, பல தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் புதிது, தூரமும் கூட. ஏழாம் எட்டாம் வகுப்பில் கணிதத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து வரும். அந்த நேரத்தில் பத்து நாள் போகாமல் விட்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு எதுவும் விளங்காது. விளங்காத பிள்ளை பின் வாங்கில் உட்காரும். அப்புறம் வயிற்று வலி என்று வீட்டில் நிற்கும். அப்புறம் வராது. "படிப்பு ஏறல்ல" என்று நாம் சொல்வது இதைத்தான்.

கிழமைக்கு ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று நினைக்கிறோம். கிழமைக்குப் பள்ளிக்கூடம் ஐந்து நாள். ஒரு நாள் விட்டால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஆறிலிருந்து ஒன்பது வரை நாலு வருடம் இப்படி விட்டால் முக்கால் வருடத்துக்கும் மேலான படிப்புப் போய்விடும். மலையில் கிழமைக்கு ஒரு பேர் வெட்டினால் நாம் சும்மா இருப்போமா?

நம்ம பக்கத்துக் கதை

1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆண்டுகளில் மிஷன் பாடசாலைகள் உட்பட உதவி பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் தோட்டத்தோடேயே கிடந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்பு தாண்டினால் மேலே வழி இல்லை. 1977க்குப் பிறகுதான் அவை கொஞ்சம் கொஞ்சமாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. 1980களில் சுவீடன் நாட்டு உதவியில் கட்டிடங்கள் வந்தன. பத்தனையில் ஜேர்மன் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து, தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியராகித் திரும்பி வந்தார்கள்.

ஆக, மட்டக்களப்பு நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு 200 வருடக் கதை இருக்கும்போது நம்ம பள்ளிக்கூடத்தின் உண்மையான வயது 50 வருடம்கூட இல்லை. அதற்குள் நம்மிடமிருந்து ஆசிரியர், அதிபர், டாக்டர், எஞ்சினியர், விரிவுரையாளர் வந்துவிட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியிலும் ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 100 இடங்களில் 40 இடம் நாடு முழுவதற்கும் திறமை அடிப்படையிலும், 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். மட்டக்களப்பு, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்த 16இல் இருக்கின்றன. மாவட்டத்துக்கு என்று ஒதுக்கினால் மாவட்டத்துக்குள்ளே யாருக்குக் கிடைக்கும்? விஞ்ஞான ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் கை எட்டும். வாவிக்கு அப்பால் இருக்கிற பிள்ளையும், மேட்டு லயத்துப் பிள்ளையும் மாவட்டக் கணக்கில் இருப்பார்கள், இடத்தில் இருக்க மாட்டார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று சலுகை இருக்கிறது என்று நாம் சும்மா இருந்தால் அது நம்ம வாசலுக்கு வராது.

டவுன் ஸ்கூலுக்கு மாற்றலாமா?

சிலருக்கு அது நல்லதுதான். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளையை, போக்குவரத்தும் தங்க இடமும் சரியாக இருந்தால், தாராளமாக அனுப்புங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்க ஆசையுள்ள பிள்ளைக்கும் பெரும்பாலும் டவுனுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

ஆனால் எட்டாம் வகுப்பில் கணிதம் விளங்காத பிள்ளையை டவுனுக்கு மாற்றினால் கணிதம் விளங்கிவிடாது. காலை ஐந்து மணிக்கு எழும்பி, இரண்டு பஸ் ஏறி, களைத்துப் போய் உட்காருகிற பிள்ளைக்கு இருந்த கொஞ்சமும் போய்விடும். பஸ் காசு, டியூசன் காசு என்று கடனும் ஏறும். அந்தக் காசிலும் நேரத்திலும் பாதியைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்தால் பலன் கூட.

பெற்றோர் கவனத்துக்கு

1. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். அம்மா போனாலும் சரி, அப்பா போனாலும் சரி. வாய் திறந்து கேளுங்கள். "எத்தனை பேர் பாஸ்" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆறாம் வகுப்பில் சேர்ந்தவங்க எத்தனை பேர், அதுல பரீட்சை எழுதினவங்க எத்தனை பேர்" என்று கேளுங்கள். கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம். கடிதம் எழுத நாங்கள் உதவுவோம்.

2. உயர்தரம் படிக்க, பொதுவாக 6 பாடங்களில் சித்தி வேண்டும். அதற்குள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். 3 பாடங்களிலாவது திறமைச் சித்தி வேண்டும். அதாவது கணிதத்தில் 35 புள்ளி எடுக்க முடியாததால் எத்தனையோ பிள்ளைகளின் வழி அடைபடுகிறது. ஏழாம் வகுப்பிலேயே கணிதத் தேர்ச்சி அறிக்கையைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் லயத்தில் படித்த பிள்ளை யாரிடமாவது காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. கைப்பிள்ளைகளைச் சிறுவர் நிலையத்தில் விடுங்கள். பிள்ளை மடுவம் என்று நாம் சொல்கிறோமே, அது இருப்பதே அதற்காகத்தான். மூத்த பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். அவள் நிற்கிற ஒவ்வொரு நாளும் அவளுடைய பிள்ளையின் படிப்பையும் சேர்த்து நிறுத்துகிறோம். படித்த தாய் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே பார்த்தோம்.

4. 2016ஆம் ஆண்டு முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2021இல் வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயதும் 16 ஆக்கப்பட்டது. 14 வயதுப் பிள்ளையைக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ கேட்டு வருகிற தரகரிடம் இதைச் சொல்லுங்கள். அப்படி யாரையாவது கூட்டிப் போயிருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

5. பாடப் புத்தகம் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. கிடைக்கவில்லை என்றால் அதிபரிடம் கேளுங்கள். சப்பாத்து இல்லை, கொப்பி இல்லை என்று பிள்ளை நிற்குமானால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

6. ஓ.எல். விட்டாலும் கதை முடியவில்லை. 2017இல் 13 வருடக் கல்வித் திட்டம் வந்தது. அதன்படி தெரிவு செய்த பாடசாலைகளில், ஓ.எல். சித்தியடையாத பிள்ளையும் 12ஆம் வகுப்பில் தொழில் பாடம் படிக்க வழி உண்டு. எந்தப் பாடசாலை என்று வலயக் கல்விப் பணிமனையில் விசாரிக்கலாம்.

மட்டக்களப்பில் வாவிக்குக் குறுக்கே பாலம் போட அரசாங்கம் வேண்டியிருந்தது, வெளிநாட்டு உதவியும் வேண்டியிருந்தது. பாலம் வந்த பிறகும் பிள்ளை தினமும் புத்தகத்தோடு புறப்படுவது வீட்டைப் பொறுத்ததுதான். நம்ம பக்கமும் அதேதான். ஆசிரியரைக் கேட்பது சங்கத்தின் வேலை, கட்டிடம் கேட்பது தலைவர்களின் வேலை. விடியற்காலை பிரட்டுக்குப் போகும் முன் பிள்ளையை எழுப்பி, தேத்தண்ணி கொடுத்து, பள்ளிக்கூடம் போகச் சொல்வது நம்ம வேலை.

அடுத்த முறை பெறுபேறு வரும்போது எத்தனை பேர் பாஸ் என்று எண்ணுவோம், எண்ண வேண்டியதுதான். அதோடு உங்கள் லயத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். யாராவது ஒரு பிள்ளை அண்மையில் நின்றிருந்தால், வருடம் முடியும் வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே சேமநல அலுவலகத்துக்கு வாருங்கள். பெற்றோரோடு சேர்ந்து நாங்களும் அதிபரைப் பார்க்க வருகிறோம்.